கடலோர வீடும் துருப்பிடித்த பிரேக் டிஸ்க்கும்: ஆறு வருடக் கணக்கு

2019-இல் சென்னை கொட்டிவாக்கத்துக்குக் குடிவந்தோம். மொட்டை மாடியில் நின்றால் கடல் தெரியும் என்று சொல்லியே வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டினார். தெரிவதோடு நிற்காமல் கிரில் கம்பி, ஏசி அவுட்டோர், சைக்கிள் செயின் என்று எல்லாவற்றுக்குள்ளும் அது வந்து உட்காரும் என்பது ஒரே மழைக்காலத்தில் விளங்கிவிட்டது. எங்கள் ஹேட்ச்பேக் காரின் முன் சக்கர டிஸ்க்குகளும், அதாவது சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டுகளும், அந்தப் பட்டியலில் சேர்ந்தன.

காரைக் கழுவிய மறுநாள் காலையில் டிஸ்க் மேல் மெல்லிய ஆரஞ்சுப் படலம் தெரிந்தால் ஒன்றுமே செய்ய வேண்டாம். டிஸ்க் வார்ப்பிரும்பு. பிரேக் பிடிக்கும்போது இரு பக்கமும் அழுத்தும் கட்டைதான் பேட்; அது உரசும் முகத்தில் பெயின்ட் அடிக்க வழியில்லை என்பதால் ஈரம் பட்ட சில மணி நேரத்திலேயே துரு பூத்துவிடும். தெருமுனை வரை மெதுவாக ஓட்டி நாலைந்து தடவை பிரேக் பிடித்தால் சர்ரென்று உரசிப் போய்விடும்.

இது தெரியாமல் முதல் வருடம் ஒரு கூத்து நடந்தது. துருவை இளக்கும் ஸ்பிரே ஒன்றை வாங்கி, வீல் இடுக்கு வழியாக நேராக டிஸ்க் மேலேயே அடித்துவிட்டேன். அந்த ஸ்பிரேயில் எண்ணெய் இருக்கிறது. துருவும் போனது, பிரேக்கும் போனது. கேட்டை ஒட்டி வைத்திருந்த செம்பருத்தித் தொட்டிதான் வண்டியை நிறுத்தியது. டிஸ்க்கை பிரேக் கிளீனரால் துடைத்து மீட்டுவிட்டேன், எண்ணெய் குடித்த பேட் செட்டைத்தான் தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

நிஜமான தலைவலி 2020 ஊரடங்கில் வந்தது. மார்ச் கடைசியில் ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்திய வண்டியை ஜூனில்தான் எடுத்தேன். முதல் கியர் போட்டும் நகரவில்லை. இன்னும் கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் பின்னால் ஒரு 'டக்', முன்னால் ஒரு 'டக்'. பின் சக்கரத்தில் டிஸ்க் இல்லை, டிரம் என்ற உருளையும் அதை உள்ளிருந்து அழுத்தும் ஷூவும்தான். பின்னால் ஷூ டிரம்மைப் பிடித்துக்கொண்டிருந்தது, முன்னால் பேட் டிஸ்க்கோடு ஒட்டியிருந்தது. ஓட ஓட மற்ற துரு எல்லாம் போய்விட்டது. பேட் உட்கார்ந்திருந்த இடம் மட்டும் அதே வடிவத்தில் கறுப்பு அச்சாகத் தங்கியது. பிரேக் மிதிக்கும்போது அந்த இடம் வந்தாலே பெடல் காலைத் தட்டும்.

ஒரு சர்வீஸ் சென்டரில் வீலைக் கழற்றாமலே "டிஸ்க் ரெண்டையும் மாத்திடுங்க சார்" என்றார்கள். எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் கழற்றிப் பார்த்தார். டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். என்னுடையதில் 18 மி.மீ. ஓரத்தில் துருவேறிய வரம்பு இடிப்பதால் தடிமன் அளக்கும் வெர்னியர் சரியாக உட்காரவில்லை. இரண்டு பக்கமும் ஒவ்வொரு காசை வைத்து அளந்து, பிறகு காசுகளின் தடிமனைக் கழித்தார். 19.1 வந்தது. "இன்னும் ஓடும்" என்றார்.

அடுத்து டிஸ்க், அது பொருந்தியிருக்கும் நடுப்பகுதியான ஹப்பை விட்டு வர மறுத்தது. அதற்கென்றே டிஸ்க்கில் இரண்டு மரை துளைகள் இருக்கின்றன. இரண்டிலும் போல்ட்டை விட்டு மாறி மாறி இறுக்கினால் டிஸ்க் தானாக வெளியே தள்ளிக்கொண்டு வருகிறது, சுத்தியலுக்கு வேலையில்லை. பேட்டை அழுத்தும் காலிப்பரைக் கழற்றியதும் பிரேக் ஆயில் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பி போட்டு ஸ்பிரிங்கில் கட்டினார். உள்ளே ஹப் முகம் முழுக்கச் செதில் செதிலாகத் துரு. "இதைச் சுரண்டாம மாட்டினா, புது டிஸ்க் போட்டாலும் ஸ்டீயரிங் ஆடும் தம்பி." அங்கே காகிதத் தடிமனில் ஒரு செதில் சிக்கினாலும் போதும், டிஸ்க்கின் வெளி ஓரம் கோணலாகச் சுற்றும். அரை மணி நேரம் கம்பி பிரஷ் போட்டோம். பிறகு 80 நம்பர் எமரி ஷீட்டால் டிஸ்க்கின் இரு முகங்களையும் வட்ட வட்டமாகத் தேய்த்து, கிளீனரால் துடைத்து மாட்டினோம். மறுநாள் விடிகாலை ஈ.சி.ஆர் சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 15 வரை பத்து தடவை பிரேக் பிடித்து, நடுவில் ஆறவிட்டு ஓட்டினேன். பெடல் தட்டுவது நின்றது. அதே டிஸ்க் மூன்று வருடத்துக்கு மேல் உழைத்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். தெருத் தண்ணீரில் சக்கரம் பாதி மூழ்கி இரண்டு நாள் நின்றது. வெளி முகம் வழக்கம்போல் பளபளப்பாகிவிட்டதால் நானும் விட்டுவிட்டேன். ஒரு மாதம் கழித்து, உறுமுகிறதே என்று கழற்றினால் உள் முகம் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக இருந்தது. வீலுக்கு வெளியே நின்று டிஸ்க்கைப் பார்த்துத் தீர்ப்பு சொல்வதில் அர்த்தமே இல்லை.

இந்தத் தடவை மாற்றித்தான் ஆக வேண்டியிருந்தது. பழைய டிஸ்க் ஒன்றை ஆசைக்கு வினிகர் வாளியில் ஒரு நாள் ஊறப்போட்டேன். துரு அத்தனையும் கழன்றது, கையில் கறுப்பு மை ஒட்டியது, குழிகள் அப்படியே இருந்தன. தண்ணீரில் அலசி வைத்துவிட்டு டீ குடித்து வருவதற்குள் மறுபடியும் ஆரஞ்சு! துரு தின்ற இரும்பை எந்த ஆசிடும் திருப்பித் தராது.

புதிதாகப் போட்டது சாம்பல் நிற மேல்பூச்சு உள்ள டிஸ்க். பேட் உரசும் இடத்தில் பூச்சு முதல் நாளே போய்விட்டது, நடுப்பகுதியும் ஓரமும் இன்னும் சாம்பலாகவே இருக்கின்றன. கூடுதல் காசுக்கு நியாயம் செய்திருக்கிறது. மற்றபடி, கழுவினால் ஒரு சுற்று ஓட்டிக் காயவைத்துவிட்டு நிறுத்துகிறேன். ஊருக்குப் போனால் ஹேண்ட்பிரேக் கிடையாது; கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல்.

மேல்வீட்டுக்குப் புதிதாக வந்தவரிடம் மின்சாரக் கார் இருக்கிறது. வேகத்தைக் குறைக்கும் வேலையை அதில் பெரும்பாலும் மோட்டாரே பார்த்துக்கொள்வதால் டிஸ்க்குக்கு உரசலே குறைவு, துரு எங்களுடையதைவிட அதிகம். போன ஞாயிற்றுக்கிழமை வீல் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார், கையில் ஸ்பிரே டப்பா. மாடிப்படியில் இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினேன்.