செலஸ்டா, ஹாலோ நைட்டா: தோற்ற பிறகு என்ன நடக்கிறது?

கடினமாகவும் இருக்க வேண்டும், முடித்த பிறகு திரும்ப ஆடவும் தோன்ற வேண்டும் என்று தேடுகிறவர்களுக்கு இந்த இரண்டு கேம்களும்தான் முதலில் கண்ணில் படும். ஹாலோ நைட் 2017-இல் வந்தது, செலஸ்ட் 2018-இல். இரண்டுமே சிறிய குழுக்கள் செய்தவை. இசையிலும் ஓவியத்திலும் இரண்டையும் குறை சொல்ல முடியாது, அதனால் அதை விட்டுவிடலாம். இரண்டின் கதையையும் முடித்துவிட்டேன். இப்போது அடிக்கடி திறப்பது செலஸ்ட்டைத்தான்.

உள்ளே இருக்கும் சரக்கை மட்டும் எண்ணிப் பார்த்தால் ஹாலோ நைட்தான் ஜெயிக்க வேண்டும். மிகப் பெரிய வரைபடம், மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க 40 சார்ம்கள் (சிறப்புத் திறன் தரும் அணிகலன்கள்), ஒன்றுக்கு மேற்பட்ட முடிவுகள், இலவசமாக வந்த கூடுதல் பகுதிகள். செலஸ்ட்டில் கதாநாயகி மேடலின் செய்வதே மூன்று காரியம்தான்: குதிப்பாள், பாய்வாள், சுவரைப் பிடித்து ஏறுவாள்.

ஆனால் கடினமான கேமை மறுபடி தொடத் தோன்றுவதும் தோன்றாததும், தோற்ற இடத்துக்கும் அடுத்த முயற்சிக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்தது என்று நினைக்கிறேன். மற்றதெல்லாம் அப்புறம்தான்.

ஹாலோ நைட்டில் செத்தால் கடைசியாக உட்கார்ந்த பெஞ்சில்தான் கண்விழிக்க வேண்டும். ராணியின் தோட்டம் என்ற பகுதியில் இருக்கும் டிரெய்டர் லார்ட் என்ற பாஸை, அதாவது பெரிய எதிரியை, எடுத்துக்கொள்ளுங்கள். பெஞ்சிலிருந்து அவன் அறைக்குப் போக முட்களுக்கு நடுவே தாவித் தாவிப் போக வேண்டும், வழியில் எதிரிகளும் உண்டு. சேர்த்துவைத்த ஜியோ, அதாவது அந்த கேமின் காசு, எல்லாம் செத்த இடத்தில் நிற்கும் நம் நிழலிடம் இருக்கும். அதை அடித்து மீட்பதற்குள் மறுபடி செத்தால் அத்தனையும் போச்சு. டிரெய்டர் லார்ட் எந்த அடியைத் தொடங்கும்போது நாம் விலகியிருக்க வேண்டும் என்று சாகும் நொடியில் புரிந்திருக்கும். அவ்வளவு தூரம் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் அந்தச் சூடு ஆறிவிடும். எரிச்சல் வருவது பாஸ் மேல் இல்லை, அந்த ஓட்டத்தின் மேல். ஏற்கெனவே ஜெயித்துவிட்ட வழியை மறுபடி கடக்கச் சொல்வதை நான் கடினம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

செலஸ்ட்டில் ஒரு திரைதான் ஒரு சவால். முள்ளில் பட்டால் அதே திரையின் வாசலில், மூச்சு விடுவதற்குள் மறுபடி நிற்கலாம். பாயும் திசையைக் கொஞ்சம் மேலாகத் திருப்பியிருக்க வேண்டும் என்று விரலுக்குத் தெரிந்திருக்கும்போதே அடுத்த முயற்சி தொடங்கிவிடுகிறது. அதோடு இந்த கேம் நம் பக்கம் சாய்ந்தே கணக்குப் போடுகிறது. விளிம்பைத் தாண்டி கால் வெளியே போன பிறகும் ஒரு கணம் குதிக்க விடும். தரையைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்பே பட்டனை அழுத்தினாலும் ஏற்றுக்கொள்ளும். அதனால் தோற்கும்போது கேம் ஏமாற்றிவிட்டது என்ற எண்ணம் வருவதே இல்லை.

இரண்டாம் முறை ஆடும்போது இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகிறது. ஹாலோ நைட்டின் பெரிய சந்தோஷம் கண்டுபிடிப்பது. இந்தக் குகை எங்கே போகும் என்று தெரியாமல் இறங்குவது. அந்தச் சந்தோஷம் ஒரு தடவைதான் முழுதாகக் கிடைக்கும். செலஸ்ட்டில் சந்தோஷம் கைப்பழக்கத்தில் இருக்கிறது. முதலில் தடவித் தடவிக் கடந்த திரையை இப்போது ஒரே வீச்சில் கடப்போம். அது போதாதென்றால் அதே அத்தியாயங்களின் கடுமையான வடிவமான பி-சைடு, அதற்கும் மேலே சி-சைடு. தங்க ஸ்ட்ராபெரி என்ற பரிசு வேண்டுமென்றால் முழு அத்தியாயத்தையும் ஒருமுறைகூடச் சாகாமல் முடிக்க வேண்டும். ஹாலோ நைட்டின் தண்டனையைவிடக் கொடியது இது. ஆனால் நாமே கேட்டு வாங்கிக்கொள்வது. மாறாக, எளிதாக்க வேண்டும் என்றால் அசிஸ்ட் மோடில் வேகத்தைக் குறைக்கலாம், சாவையே நிறுத்தி வைக்கலாம்.

ஹாலோ நைட்டுக்கு நியாயம் செய்ய ஒன்று சொல்ல வேண்டும். 2018-இல் வந்த காட்மாஸ்டர் பகுதியில், சந்தித்த பாஸ்களை ஓட்டம் எதுவுமின்றி நேரடியாகத் திரும்பத் திரும்பச் சண்டைக்கு அழைக்கும் மண்டபம் ஒன்று உண்டு. அந்த கேமில் நான் விரும்பித் திரும்பிப் போன இடம் அது ஒன்றுதான். அங்கே நுழையவே வெகு தூரம் ஆடியிருக்க வேண்டும் என்பதுதான் குறை. ஒரே உயிரோடு ஆடும் ஸ்டீல் சோல் முறையில் நான் அதிக தூரம் போனதில்லை. அதில் ஊறியவர்கள் என் தீர்ப்பை மறுக்கலாம்.

ஒரே ஒரு தடவைதான் ஆடுவேன், ஆனால் அது மனதில் நிற்க வேண்டும் என்பவர் ஹாலோ நைட்டை எடுக்கலாம், சரிதான். செலஸ்ட்டிலும் 2019-இல் இலவசமாகச் சேர்ந்த ஃபேர்வெல் அத்தியாயத்தின் கடைசித் திரை மிக நீளம், நடுவில் நின்று மூச்சு வாங்க இடமில்லை. நான் மேலே புகழ்ந்த குணத்தையே அங்கே அது கைவிடுகிறது. அந்தத் திரையை நான் இன்னும் கடக்கவில்லை.