சிக்னலில் ஐந்து வருடம்: நான்கு வாரத்தில் அழியும் பேச்சு

2021 ஜனவரியில் வாட்ஸ்அப் தன் பிரைவசி பாலிசியை மாற்றப்போவதாகச் சொல்லி எல்லார் திரையிலும் ஓர் அறிவிப்பைக் காட்டியது ஞாபகம் இருக்கிறதா? பிப்ரவரி 8-க்குள் ஒப்புக்கொள், இல்லாவிட்டால் நடையைக் கட்டு என்கிற தொனி. எலான் மஸ்க் ட்விட்டரில் "சிக்னல் பயன்படுத்துங்கள்" என்று இரண்டே வார்த்தை போட்டார், அவ்வளவுதான், கூட்டம் கூட்டமாக அந்த மெசேஜ் ஆப்புக்குக் கிளம்பிவிட்டார்கள். நானும் அதில் ஒரு ஆள். பெரிய கொள்கைப் பிடிப்பெல்லாம் கிடையாது, எல்லாரும் போகிறார்களே என்றுதான். அந்த நெரிசலில் ஜனவரி 15 அன்று சிக்னல் சர்வர்களே படுத்துக்கொண்டன, எழுந்து உட்கார ஒரு நாள் ஆனது. அப்புறம் ஆற அமர அந்தப் பாலிசியைப் படித்தால், அது பெரும்பாலும் வணிக நிறுவனங்களோடு நாம் செய்யும் சாட் பற்றியது, இரண்டு பேர் தங்களுக்குள் பேசுவதில் கை வைக்கவே இல்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். சரி, வந்தது வந்தாயிற்று, இருந்துதான் பார்ப்போமே என்று இருந்துவிட்டேன்.

முதல் வாரம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. எப்போதோ நம்பர் வாங்கி வைத்த பிளம்பர் முதல், பேச்சு வார்த்தை நின்றே பல வருடமான உறவுக்காரர் வரை "இன்னார் சிக்னலில் இருக்கிறார்" என்று மணிக்கொரு தடவை நோட்டிஃபிகேஷன் வரும். மார்ச் மாதத்துக்குள் பந்தல் பிரித்தாகிவிட்டது. இன்றைக்கு என் சிக்னலில் உயிரோடு இருக்கும் உரையாடல்கள் ஆறு. மீதி உலகம் முழுக்க வாட்ஸ்அப்பில் இருக்கிறது, நானும் அங்கே இருக்கிறேன். இதைச் சொல்லாமல் சிக்னல் அனுபவம் எழுதுகிறவர்கள் கொஞ்சம் ஏமாற்றுகிறார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால், செய்தியைப் பூட்டுகிற வேலையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சிக்னல் எழுதிய புரோட்டோகால்தான், அதாவது பூட்டும் முறைதான், 2016 ஏப்ரலில் இருந்து வாட்ஸ்அப்பிலும் முழுமையாக ஓடுகிறது. டெலிகிராம்தான் வேறு சாதி. அங்கே சாதாரண சாட்டும் குரூப்பும் கம்பெனி சர்வரில் கம்பெனி திறக்க முடிகிற விதத்தில்தான் இருக்கின்றன, 'சீக்ரெட் சாட்' என்று தனியாகத் தொடங்கினால்தான் முனைக்கு முனை மறையாக்கம் (என்க்ரிப்ஷன், அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர யாரும் படிக்க முடியாத பூட்டு), அதுவும் இரண்டு பேருக்கு இடையே மட்டும். இது தெரியாமல் "நான் டெலிகிராமில் இருக்கிறேன், எனக்குப் பயமில்லை" என்று சொல்கிறவர்களை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். 2024 ஆகஸ்ட்டில் பிரான்ஸில் டெலிகிராம் நிறுவனர் பாவெல் துரோவைக் கைது செய்த அடுத்த மாதமே, முறையான சட்டக் கோரிக்கை வந்தால் விதி மீறியவர்களின் ஃபோன் நம்பரையும் ஐபி முகவரியையும் கொடுப்போம் என்று டெலிகிராம் தன் விதியைத் திருத்திக்கொண்டது.

வித்தியாசம் பூட்டில் இல்லை, பூட்டுக்கு வெளியே ஒட்டியிருக்கும் சீட்டில். யார், யாரோடு, எந்த நேரத்தில், எத்தனை தடவை என்கிற மெட்டாடேட்டாவைச் சொல்கிறேன். 2016-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு கிராண்ட் ஜூரி (குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழு) சம்மன் அனுப்பிச் சிக்னலிடம் பயனர் விவரம் கேட்டபோது அவர்களிடம் கொடுக்க இருந்தது இரண்டே தேதிகள்: கணக்கு எப்போது தொடங்கியது, கடைசியாக எப்போது இணைந்தது. அவ்வளவுதான். இல்லாததை எந்தக் கோர்ட்டாலும் வாங்க முடியாது. மெட்டாடேட்டாதானே, அதில் என்ன இருக்கிறது என்பவர்களுக்கு, என்எஸ்ஏ, சிஐஏ என்கிற அமெரிக்க உளவு அமைப்புகள் இரண்டுக்கும் தலைவராக இருந்த மைக்கேல் ஹேடன் 2014-இல் ஒரு விவாதத்தில் சொன்னதை ஞாபகப்படுத்துவேன்: "மெட்டாடேட்டாவை வைத்து ஆட்களைக் கொல்கிறோம்."

தினசரிப் பழக்கத்தில் எனக்கு நிஜமாகப் பிடித்துப்போனது இரண்டு விஷயம். ஒன்று பாதுகாப்பு எண், நடுவில் வேறு யாரும் புகவில்லை என்று இரண்டு பேரும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளும் எண். ஒரு தோழி புது ஃபோன் வாங்கியதும் எங்கள் சாட்டில் "பாதுகாப்பு எண் மாறிவிட்டது" என்று சின்னதாக ஒரு வரி விழுந்தது. அதை எல்லாரும் தாண்டிப் போய்விடுவோம், நானும் அதுவரை தாண்டித்தான் போயிருக்கிறேன். அன்றைக்கு ஏதோ தோன்றி, அவளைச் சாதாரண காலில் கூப்பிட்டு அறுபது இலக்கத்தையும் ஒப்பிடச் சொன்னேன். ஐந்தைந்தாகப் பன்னிரண்டு கட்டங்கள். அவள் வாசிக்க நான் பார்த்துக்கொண்டே வந்தேன், ஒன்பதாவது கட்டத்தில் "நாலு ஏழா, ஏழு நாலா, திருப்பிச் சொல்லு" என்றதும் அவள் சிரித்துவிட்டாள். "ஏம்ப்பா, நாம என்ன ராணுவ ரகசியமா பேசறோம்?" இல்லைதான். அவள் அனுப்ப வைத்திருந்தது அவள் அப்பாவின் பயாப்ஸி ரிப்போர்ட். பன்னிரண்டு கட்டமும் ஒத்துப்போனது, ரிப்போர்ட் வந்தது, நான்கு வாரம் கழித்து இரண்டு ஃபோனிலிருந்தும் தானாகவே அழிந்தும் போனது.

அந்த அழிதல்தான் இரண்டாவது. புதிதாகத் தொடங்கும் எல்லா சாட்டுக்கும் இவ்வளவு நாளில் மறைய வேண்டும் என்று முன்கூட்டியே வைத்துவிடலாம், நான் நான்கு வாரம் வைத்திருக்கிறேன். முதலில் கையிலிருந்து ஏதோ நழுவுவது போலத்தான் இருந்தது. போகப் போக, பேச்சு என்பதே அப்படித்தானே இருந்தது, திண்ணையில் பேசியதை யார் எழுதி வைத்தார்கள் என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது.

தொல்லைகள் இல்லாமல் இல்லை. 2022-இல் என் ஃபோன் தண்ணீரில் விழுந்து செத்தது. ஆண்ட்ராய்டில் பேக்கப் எடுத்து மெமரி கார்டில் வைத்திருந்தேன், அதைத் திறக்க முப்பது இலக்கக் கடவுச்சொல் வேண்டும், அந்த முப்பது இலக்கத்தை ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்து, அதே ஃபோனிலேயே பத்திரமாக வைத்திருந்தேன். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிய புத்திசாலி. யாரைக் குறை சொல்வது? 2025 செப்டம்பரில் மறையாக்கத்தோடு ஆன்லைன் பேக்கப் வசதி வந்தது. இந்த முறை அதன் 64 எழுத்து மீட்புச் சாவியைப் பேனாவால் காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அதேபோல எஸ்எம்எஸ் வசதியை 2022-இல் நிறுத்துவதாக அறிவித்தது எனக்கு இன்றும் பிடிக்காத முடிவு, எஸ்எம்எஸ்ஸுக்காகவே இந்த ஆப்பில் தங்கியிருந்த இரண்டு பேர் அதோடு போய்விட்டார்கள். நம்பரைக் காட்டாமல் யூசர்நேம் மட்டும் கொடுக்கும் வசதி 2024 வரை வரவில்லை என்பதும் ரொம்பத் தாமதம். இன்றும் கணக்குத் தொடங்க நம்பர் வேண்டும்.

ஆனால் ஐந்து வருடத்தில் என் பேச்சு வெளியே போனது ஒரே ஒரு தடவை, அதற்கும் என்க்ரிப்ஷனுக்கும் சம்பந்தமே இல்லை. தேர்தல் சமயம். எட்டுப் பேர் குரூப். ஒருவர் ஒரு வேட்பாளரைப் பற்றி வம்பாக ஏதோ எழுத, நான் கிண்டலாக, அவர் சொன்னதையே மிகைப்படுத்தி ஒரு வரி பதில் போட்டேன். குரூப்பில் ஒரு நாள் டைமர். மறுநாள் மாலை, அந்தக் குரூப்பிலேயே இல்லாத ஒருவர் என்னைக் கூப்பிட்டு "நீங்க இவ்வளவு மோசமா நினைப்பீங்கன்னு எதிர்பார்க்கல" என்கிறார். ஸ்கிரீன்ஷாட். மேலே இருந்த வம்பு வரி வெட்டப்பட்டிருந்தது, என் வரி மட்டும் தனியாக, மகா கொடூரமாக நின்றது. அதைக் கிண்டல் என்று நிரூபிக்க முழு உரையாடலைக் காட்டலாம் என்று போனால் என் ஃபோனில் ஒன்றும் இல்லை, டைமர் சமத்தாகத் தன் வேலையைச் செய்துவிட்டது. மறையும் செய்தி, வெட்டி ஒட்டுகிறவனுக்குத்தான் அன்றைக்கு உதவியது. நம் ஃபோனில் ஸ்கிரீன்ஷாட்டைத் தடுக்கலாம், அடுத்தவர் ஃபோனில் முடியாது, முடிந்தாலும் இன்னொரு ஃபோனால் படம் பிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அந்த எட்டில் யார் அனுப்பினார் என்று இன்றுவரை தெரியாது. அதன் பிறகு லாக் ஸ்கிரீனில் செய்தி தெரியாதபடி அணைத்தேன், இணைத்த கருவிகள் பட்டியலை மாதம் ஒரு முறை பார்க்கிறேன் (ரஷ்ய ஆதரவு உளவுக் குழுக்கள் போலி க்யூஆர் கோடைக் காட்டி உக்ரைன்காரர்களின் சிக்னல் கணக்கில் தங்கள் கருவியை இணைத்த கதை 2025 பிப்ரவரியில் வெளிவந்தது), ஆனால் உண்மையில் என்னைக் காப்பாற்றுவது குரூப்பில் ஆளைக் குறைத்ததுதான்.

இதே பாடத்தை அமெரிக்க அரசு என்னைவிடப் பெரிய அளவில் படித்தது. 2025 மார்ச்சில் ஏமன் மீது தாக்குதல் நடத்துவதைப் பற்றிப் பாதுகாப்புச் செயலர், துணை அதிபர் எல்லாம் பேசிய சிக்னல் குரூப்பில், தேசியப் பாதுகாப்பு ஆலோசகரின் கணக்கிலிருந்தே ஒரு பத்திரிகை ஆசிரியரைச் சேர்த்துவிட்டார்கள். பூட்டு கடைசிவரை உடையவில்லை, ஆளைச் சேர்த்ததில்தான் கோட்டை விட்டார்கள். எல்லாரும் அதைத்தான் சிரித்துக்கொண்டே பேசினார்கள். எனக்குச் சிரிப்பு வராத இடம் வேறு. அந்தக் குரூப்பில் சில செய்திகளுக்கு ஒரு வாரம், சிலவற்றுக்கு நான்கு வாரம் என்று டைமர் போட்டிருந்தார்கள். நான் போடுகிற அதே நான்கு வாரம். ஆனால் நான் அழிப்பது என் தோழியின் அப்பா ரிப்போர்ட், அவர்கள் அழிப்பது எந்த நாட்டின் மீது ஏன் குண்டு போட்டோம் என்கிற பதிவு. ஸ்காட்லாந்தின் முதலமைச்சராக இருந்த நிக்கோலா ஸ்டர்ஜன் கோவிட் காலத்து வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிட்டதாக 2024-இல் விசாரணையில் ஒப்புக்கொண்டார். ஐரோப்பிய ஆணையத் தலைவர் தடுப்பூசி நிறுவனத் தலைவரோடு பரிமாறிய செய்திகளைக் கேட்டால் ஆணையம் கையை விரித்தது, அப்படி விரித்தது தவறு என்று 2025 மே மாதம் ஐரோப்பியப் பொது நீதிமன்றம் சொன்னது. மறந்துபோகும் உரிமை எனக்கு உண்டு. என் பெயரால் முடிவெடுக்கிறவருக்கு, அந்த முடிவைப் பொறுத்தவரை, கிடையாது.

நடப்பதோ தலைகீழ், ஆள்கிறவர்கள் தங்கள் பேச்சை அழித்துவிட்டு நம் பேச்சைத் திறக்கச் சொல்கிறார்கள். ஐரோப்பிய ஆணையம் 2022 மே மாதம் கொண்டுவந்த வரைவு, குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களைத் தடுக்க எல்லாருடைய செய்தியையும் சோதிக்க வழிசெய்தது. ஆப்பிள், பிரிட்டிஷ் அரசின் நெருக்கடிக்குப் பிறகு 2025 பிப்ரவரியில் அங்கே தன் உயர்தர ஐகிளவுட் பாதுகாப்பையே விலக்கிக்கொண்டது. டெல்லி உயர் நீதிமன்றத்தில் 2024-இல், என்க்ரிப்ஷனை உடைக்கச் சொன்னால் வெளியேற வேண்டியதுதான் என்று வாட்ஸ்அப் தரப்பு சொன்னது. குழந்தைகள் விஷயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, அந்தக் குற்றங்கள் நிஜம், பூட்டு அவற்றையும் சேர்த்தே மறைக்கிறது என்பதும் நிஜம், இதற்குச் சுலபமான பதில் என்னிடம் இல்லை. ஆனால் போலீஸுக்கு மட்டும் ஒரு தனிக் கதவு என்கிற பேச்சுக்கு பதில் இருக்கிறது. அமெரிக்காவில் 1994 சட்டப்படி டெலிகாம் நிறுவனங்கள் ஒட்டுக்கேட்க வழி வைத்தே ஆக வேண்டும். 2024-இல் சால்ட் டைஃபூன் என்று பெயரிடப்பட்ட சீன ஹேக்கர்கள் அந்த நெட்வொர்க்குகளுக்குள் புகுந்து, நீதிமன்ற உத்தரவின் பேரில் சேகரிக்கப்பட்ட தகவல்களிலும் கை வைத்தார்கள். அந்த டிசம்பரில் அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பே உயர்பதவியில் இருப்பவர்களிடம் சொன்னது என்ன தெரியுமா? முனைக்கு முனை மறையாக்கம் உள்ள ஆப்பைப் பயன்படுத்துங்கள்.

புதிதாகச் சேர நினைக்கிறவர்களுக்கு: சேருங்கள், பின் நம்பரை மறக்காதீர்கள், ரெஜிஸ்ட்ரேஷன் லாக்கை (உங்கள் நம்பரை வேறு யாரும் சுலபமாகப் பதிவு செய்துவிடாதபடி தடுக்கும் பூட்டை) ஆன் செய்யுங்கள், வாட்ஸ்அப்பை விட்டுவிட முடியும் என்று மட்டும் கனவு காணாதீர்கள்.

போன மாதம் அந்த ஆறில் ஒருவனோடு ஒரு சண்டை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தேர்தலில் யார் ஜெயிப்பார் என்று எங்களில் ஒருவர் சரியாகக் கணித்திருந்தோம், யார் என்பதுதான் சண்டை. இரண்டு பேரும் ஃபோனை எடுத்து மேலே மேலே தள்ளினோம். நான்கு வாரத்துக்கு முந்தைய எதுவும் இல்லை. நான்தான் சொன்னேன் என்று நான் இன்றும் உறுதியாக இருக்கிறேன், அவனும் அப்படியே.