வீட்டில் செய்த கிட்டாருக்கு எந்தப் பூச்சு: பி.யு., நைட்ரோ, அரக்கு

உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கி, தூசி துடைத்து மேசைமேல் வைத்த கிட்டாரைப் பார்க்கும்போது அப்படியே விட்டுவிடலாமா என்று தோன்றும். விட முடியாது. வியர்வை பட்டால், மேல்பலகைக்குப் போடும் ஸ்ப்ரூஸ் என்ற வெளிர்நிற ஊசியிலை மரம் சில மாதங்களிலேயே அழுக்கேறிக் கறுத்துவிடும். மேலே ஏதாவது பூசியே ஆக வேண்டும். எதைப் பூசுவது என்பதில்தான் வீட்டில் கிட்டார் செய்கிறவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். நானும் தடுமாறினேன்.

இதுவரை மூன்று கிட்டார்களுக்குப் பூச்சு வைத்திருக்கிறேன். மூன்றும் மூன்று வகை. முதலாவது, பாகங்களாக வாங்கிப் பொருத்திய எலெக்ட்ரிக். அதற்கு ஹார்டனர் என்ற இறுக்கும் திரவம் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன், நம் ஊர்ப் பட்டறைகளில் சொல்வதுபோல் பி.யு. இரண்டாவது, மேல்பலகை விரிசல் விட்ட பழைய அகூஸ்டிக். பழைய பூச்சை உரித்துவிட்டு நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் அடித்தேன். மூன்றாவது, முழுக்க நானே செய்த நைலான் கம்பி கிளாசிக்கல். மேலே ஸ்ப்ரூஸ், முதுகும் பக்கங்களும் ஈட்டி மரம். அதற்குக் கையால் தேய்த்து ஏற்றும் அரக்குப் பாலிஷ், அதாவது பிரெஞ்சு பாலிஷ். என் மனம் அரக்கின் பக்கம் சாய்ந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பளபளப்பில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பொறுமை இருந்தால் மூன்றையும் கண்ணாடிபோல் ஆக்கலாம். ஒலியைப் பொறுத்தவரை, அதிர வேண்டிய மெல்லிய பலகைமேல் தடித்த பூச்சு ஏறக்கூடாது என்பது மட்டும் போதும். கட்டை உடம்புள்ள எலெக்ட்ரிக்கில் எனக்கு வேறுபாடு எதுவும் கேட்கவில்லை. எண்ணெய்ப் பூச்சும் ஒன்று உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன், ஓர் இடத்துக்கு மட்டும் அதுதான் பொருத்தம்.

முதலில் பி.யு. இதன் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. ஸ்பிரே செய்யும்போது அது மூச்சில் போனால் ஆஸ்துமா வரை கொண்டுவிடும். துணி மாஸ்க் இதற்குப் போதவே போதாது. வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகமூடியும், தனி ஸ்பிரே அறையும் வேண்டும். அடுக்குமாடி வீட்டு பால்கனியில் இதை அடிக்கவே கூடாது. நான் கிட்டார் உடம்பைக் கார் டிங்கரிங் பட்டறைக்கு எடுத்துப் போனேன். பெயிண்டர் கார் கதவுக்கு நிறத்தின் மேல் அடிக்கும் அதே நிறமற்ற கிளியர் கோட்டை அடித்துக் கொடுத்தார். மூன்றாம் நாள் கைக்கு வந்துவிட்டது. கல்மாதிரி இறுகியிருந்தது. வியர்வை, தண்ணீர், ஸ்பிரிட் எதற்கும் அசையாது. அந்த உறுதி எனக்கு இன்றைக்கும் பிடித்திருக்கிறது.

அடுத்து நைட்ரோ. 1920களில் அமெரிக்கக் கார்களுக்கும் கிட்டார்களுக்கும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்த பூச்சு இது. மார்ட்டின், கிப்சன் என்ற அமெரிக்கக் கிட்டார் நிறுவனங்கள் இதைத்தான் பூசின. இன்னொரு கிட்டார் நிறுவனமான ஃபெண்டர் 1960களின் கடைசியில் தடித்த பாலியெஸ்டர் பூச்சுக்கு மாறியது. அந்தக் காலத்துக் கிட்டார்களின் மேல் மக்களுக்கு இருக்கும் மோகம் இந்தப் பூச்சின்மேலும் ஒட்டிக்கொண்டது. நம் ஊரில் மரச்சாமான்களுக்கான என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கரும் என்.சி. தின்னரும் ஹார்டுவேர் கடையில் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் சென்னையில் ஐப்பசி மழைக்கு நடுவில் அதை அடித்தது நான் செய்த தவறு. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துவிடும். காற்றில் உள்ள ஈரம் அதன்மேல் படிந்து பூச்சுக்குள் சிக்கிக்கொள்ளும். பால் படர்ந்ததுபோல் முழுப் பலகையும் வெளுத்துப் போயிற்று. ஆவியாவதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் தின்னரைக் கலந்து, வெயில் அடித்த நாளாகப் பார்த்து மறுபடி அடித்த பிறகுதான் தெளிந்தது. அப்புறம் முழுசாக இறுக நான்கு வாரம் காத்திருந்தேன். வீடு முழுக்க வாடை. அடுப்பங்கரையில் நெருப்பு இருக்கும் வீட்டில் இவ்வளவு தின்னர் ஆவியைப் பறக்கவிடுவது ஆபத்து, அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி அரக்கு. புரசு, இலந்தை, குசும்ப மரங்களின் கிளைகளில் ஒட்டி வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசின் இது. ஜார்க்கண்டும் சத்தீஸ்கரும்தான் இதற்குப் பெயர்போன இடங்கள். ராஞ்சி பக்கத்தில் நாம்கூமில் அரக்குக்கென்றே 1920களில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். தாத்தா வீட்டில் இருந்த 78 சுற்று கிராமபோன் தட்டுகூட அரக்கும் கல்பொடியும் சேர்ந்ததுதான். இன்றைய கிளாசிக்கல் கிட்டாரின் வடிவத்தை 19ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் நிலைநிறுத்தியவர் அந்தோனியோ தே தோர்ரெஸ். அவர் காலத்திலிருந்து இன்றுவரை பல நல்ல கைவேலைக் கிளாசிக்கல் கிட்டார்களுக்கு ஏறும் பூச்சு இது. நம் நாட்டு மரத்தில் விளைந்தது அங்கே போய் வாத்தியத்துக்கு மெருகாகியிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

அரக்கு அவல்போலத் தட்டையான துண்டுகளாக வரும். மெழுகு நீக்கியதாகப் பார்த்து வாங்குங்கள். 100 மில்லி ஸ்பிரிட்டில் சுமார் 24 கிராம் போட்டு ஓர் இரவு ஊறவிட்டால் போதும், காலையில் வடிகட்டிக்கொள்ளலாம். ஸ்பிரிட் என்பது ஆல்கஹால்தான். ஆனால் நம் ஊரில் சுத்தமான எத்தனால் சாதாரணக் கடையில் கிடைக்காது. பாலிஷுக்கு விற்கும் ஸ்பிரிட்டில் மெத்தனால் கலந்திருக்கலாம், அது விஷம். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் வேலை செய்கிறேன். பாட்டில்மேல் விஷம் என்று பெரிதாக எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைக்கிறேன்.

கருவி என்று பார்த்தால் ஒரு பஞ்சு உருண்டையும் பலமுறை துவைத்த வேட்டித் துணியும்தான். உருண்டையைத் துணியில் சுற்றி, அரக்குக் கரைசலை உள்ளே ஊற்றி, வெளியே ஒரு துளி ஆலிவ் எண்ணெய் தொட்டுக்கொண்டு வட்டம் வட்டமாகவும் எட்டு வடிவிலும் தேய்க்க வேண்டும். மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போட்டே தலை நரைத்த ஒருவர் என் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "கை நின்னா துணி ஒட்டிக்கும் சார். ஓடிக்கிட்டே வந்து இறங்கணும், ஓடிக்கிட்டே ஏறணும்." முழு வித்தையும் அதில் அடங்கிவிட்டது. விமானம் இறங்கி ஏறுவதுபோலத் துணி பலகைமேல் வந்து போக வேண்டும்.

ஈட்டி மரத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. அதன் ஊதாச் சாயம் ஸ்பிரிட்டில் கரைந்து வரும். முதுகில் தேய்த்த துணியை ஸ்ப்ரூஸ் பக்கம் கொண்டுபோனால் வெள்ளைப் பலகையில் கறை ஏறிவிடும், போகவே போகாது. அதனால் முதலில் ஸ்ப்ரூஸுக்கும் ஓரப் பட்டைகளுக்கும் இரண்டு கை அரக்கு ஏற்றிக் காயவிட்டேன். துணியும் தனித்தனியாக வைத்துக்கொண்டேன். ஈட்டியின் துளைகளைப் பியூமிஸ் என்ற எரிமலைக் கல் தூளும் அரக்கும் சேர்த்துத் தேய்த்து அடைத்தேன். தினமும் அரைமணி, முக்கால்மணி என்று மூன்று வாரம் ஆனது. கம்ப்ரசர் வேண்டாம், ஸ்பிரே கன் வேண்டாம். முழு கிட்டாருக்கும் 60 கிராம் அரக்குகூடச் செலவாகவில்லை.

ஆனால் இது எதுவும் என் முடிவுக்குக் காரணம் இல்லை. பழுது பார்ப்பதுதான் காரணம்.

ஃபாக்டரியிலிருந்து வெளியே போன கிட்டார் பொதுவாகத் திரும்பி வருவதில்லை. வீட்டில் செய்த கிட்டார் அப்படியா? செய்தவன் கையிலேயே இருக்கிறது. கோடையில் சுருங்குகிறது, மழையில் உப்புகிறது. முதல் இரண்டு மூன்று வருடங்களில் கம்பிகளைக் கட்டும் பிரிட்ஜ் கட்டை கிளம்பும், உள்கட்டை ஒன்று பசை விடும், ஓரப் பட்டை லேசாகப் பிரியும். ஒவ்வொரு தடவையும் பூச்சைத் தொட வேண்டியிருக்கும். ஆகவே எவ்வளவு கெட்டியான பூச்சு என்று பார்ப்பதைவிட, மறுபடி திறந்து மூட முடிகிற பூச்சா என்று பார்க்க வேண்டும். எனக்கு இது மூன்று கிட்டார் முடிந்த பிறகுதான் புரிந்தது.

பி.யு. அடித்த எலெக்ட்ரிக் ஒருநாள் மேசை விளிம்பில் இடித்து, அரை அங்குலத்துக்குப் பூச்சு பெயர்ந்துவிட்டது. இறுகிய பி.யு. எந்தத் தின்னரிலும் கரையாது. புதிதாக வைப்பது பழையதோடு கலக்காது, அதன் பக்கத்தில் உட்காரும், அவ்வளவுதான். குழியில் சூப்பர் குளூவைச் சொட்டுச் சொட்டாக விட்டு, சமமாகத் தேய்த்து, மெருகேற்றினேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் இன்றைக்கும் ஒரு வளையம் தெரிகிறது. கொஞ்சம் அதிகமாகத் தேய்த்திருந்தால் கீழ் அடுக்கு வந்து வரைபடக் கோடுபோல் இன்னொரு வளையமும் விழுந்திருக்கும். மரம் அமுங்கியிருந்தால் ஈரத்துணி வைத்து ஆவி பிடித்து நிமிர்த்தலாம் என்பார்கள். முழுசாக இருக்கும் பி.யு.வைத் தாண்டி ஆவி உள்ளே போகாது.

நைட்ரோ இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். புதிய லேக்கர் பழையதைக் கரைத்துக்கொண்டு ஒன்றாகிவிடும். ஆனால் பழசு மஞ்சளாகியிருக்கும், புதுசு தெளிவாக இருக்கும். நிறம் சேர்க்க வேண்டும், மறுபடி ஸ்பிரே, மறுபடி வாரக்கணக்கில் காத்திருப்பு. ரப்பர் ஸ்டாண்டில் வைத்தால் பூச்சு இளகி ஒட்டிக்கொள்ளும் என்பதையும் அனுபவித்தே தெரிந்துகொண்டேன்.

இப்போது அரக்கு. போன வருடம் தங்கை மகன் கிட்டாரைச் சுவரில் சாய்த்து வைக்க, அது சரிந்து நாற்காலிக் காலில் மோதியது. "மாமா, தெரியாம விழுந்துருச்சு" என்று அழுகிற குரலில் வந்து நின்றான். மேல்பலகையில் நகம் அளவுக்குக் குழி. அந்த இடத்து அரக்கை ஸ்பிரிட் தொட்ட துணியால் எடுத்துவிட்டு, ஈரத்துணி வைத்து, சூடான சால்டரிங் அயர்ன் முனையால் மெல்லத் தொட்டேன். மரம் நிமிர்ந்தது. இரண்டு நாள் காயவிட்டு, மூன்று மாலை அரக்குத் துணியால் தேய்த்தேன். புதிய அரக்கில் உள்ள ஸ்பிரிட் பழைய விளிம்பைக் கரைத்து உள்ளே இழுத்துக்கொண்டது. விழுந்த இடத்தைக் காட்டு என்று அவனையே கேட்டேன், அவனால் காட்ட முடியவில்லை.

அதைவிடப் பெரிய சோதனை சித்திரை வெயிலில் வந்தது. மொட்டைமாடிக்குக் கீழே உள்ள அறையில் இருந்த கிட்டாரின் பிரிட்ஜ் பின்பக்கம் கிளம்பியிருந்தது. சூடேற்றிய மெல்லிய தகட்டை உள்ளே விட்டுப் பிரித்து எடுக்கும்போது சுற்றியிருந்த அரக்கு இளகி மங்கிப் போயிற்று. அரக்குக்குச் சூடு ஆகாது, அது உண்மை. ஆனால் பிரிட்ஜை ஒட்டி கிளாம்ப் எடுத்த பிறகு, நான்கு மாலை வேலையில் சுற்றுப்புறம் பழையபடி ஆகிவிட்டது. யாரையும் தேடிப் போகவில்லை, அதே பாட்டில், அதே துணி. இதே வேலை பி.யு. பூசிய அகூஸ்டிக்கில் வந்திருந்தால் சுற்றிலும் தழும்போடுதான் விட்டிருப்பேன்.

அரக்கின் குறைகளும் நிஜமானவை. ஹேண்ட் சானிடைசர் போட்ட ஈரக் கையோடு தொட்டால் கைரேகை பதிந்துவிடும், அதில் இருப்பதும் ஆல்கஹால்தான். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைக்கவே கூடாது. வலது முழங்கை படும் இடம் வியர்வையில் இரண்டு தடவை மங்கியது. அரைமணி நேரத்தில் சரி செய்துவிட்டேன், இருந்தாலும் செய்ய வேண்டியிருந்தது. நான் வீட்டில், மின்விசிறிக்குக் கீழே, ஒரு நாளைக்கு ஒருமணி நேரம் வாசிக்கிறவன். கல்யாண மண்டபத்து மேடையில் விளக்குச் சூட்டில் மூன்று மணி நேரம் வாசிப்பவர் கையில் என் கிட்டார் இருந்ததில்லை. கிட்டாருக்கும் இன்னும் மூன்று வயது முடியவில்லை. அப்படி வாசிப்பவர் பி.யு. வேண்டும் என்றால் நான் மறுத்துப் பேச மாட்டேன்.

கழுத்துக்கு மட்டும் அரக்கு எனக்குச் சரிப்படவில்லை. உள்ளங்கை வியர்த்தால் பிசுபிசுத்தது, கட்டைவிரல் நகராமல் பிடித்துக்கொண்டது. அதை ஸ்பிரிட்டால் துடைத்து எடுத்துவிட்டு, காயும் தன்மையுள்ள டங் எண்ணெயை (ஒரு மரத்தின் கொட்டையிலிருந்து எடுப்பது) நாளுக்கு ஒரு கை என்று ஐந்து கை துடைத்தேன். மரத்தைத் தொடும் உணர்வு அப்படியே இருக்கிறது, கையும் வழுக்கிப் போகிறது. எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவிடுங்கள், சுருட்டி வைத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம்.

கரைத்த அரக்கை ஆறு மாதத்துக்குமேல் நான் நம்புவதில்லை. நாளாக ஆக அது இறுகிக் காயும் தன்மையை இழந்துவிடும். கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டு, மறுநாள் நகத்தால் அழுத்திப் பார்ப்பேன். தடம் விழுந்தால் கீழே ஊற்றிவிட வேண்டியதுதான். நான்காவது கிட்டாரின் மரவேலை இந்த வாரம் முடிகிறது. கழுத்துக்கு எண்ணெய் எடுத்து வைத்தாயிற்று. உடம்புக்கான அரக்கு நேற்று ராத்திரி ஊறப் போட்டேன், பாட்டில்மேல் தேதி எழுதி.