சொந்த வீடா, முதியோர் குடியிருப்பா?

தஞ்சாவூர்ப் பக்கத்து ஓட்டு வீட்டில் தனியே வாழும் மூதாட்டிக்கு, இருட்டிலும் தடுமாறாமல் கொல்லைக்குச் செல்லும் கால்பழக்கமும், திண்ணையில் அமர்ந்தால் தெருவில் போவோர் நின்று நலம் விசாரிக்கும் உறவும் அந்த வீட்டோடு பின்னிக் கிடக்கின்றன. உயரமான வாசற்படியும் வழுக்கும் கிணற்றடியும் அங்கேதான் இருக்கின்றன என்பதையும் மறுக்க முடியாது. கோயம்புத்தூரில் பெருகியுள்ள முதியோர் குடியிருப்புகளில் கைப்பிடிக் கம்பியும், அவசர அழைப்பு மணியும், வேளைக்குச் சமைத்த உணவும் கிடைக்கும். மாமியார் கொடுத்த அம்மிக்கும் பித்தளை அண்டாவுக்கும் இடமிருக்காது. (அம்மியில் இனி யார் அரைக்கப்போகிறார்கள் என்று கேட்கும் பிள்ளைகள், அது அரைப்பதற்காக அங்கே கிடக்கவில்லை என்பதை அறிவதில்லை.) உடல் ஒத்துழைக்கும்வரை, குளியலறையில் கம்பி பொருத்திக்கொண்டு பழைய வீட்டிலேயே இருப்பதுதான் என் தேர்வு. இடம்பெயர்ந்தே ஆகவேண்டுமெனில், எவற்றை எடுத்துச்செல்வது என்பதை அவரே முடிவுசெய்யட்டும். வீட்டையும் உடனே விற்றுவிடாமல் சில மாதங்கள் பூட்டிவைக்கலாம்.