மாடத்துக்கு எந்தச் சிலை?

ராயபுரம் கல்மண்டபத்துக்கு அருகே ஒரு சந்தில் எங்கள் வீடு. கூடத்துச் சுவரில் ஒரு மாடம் இருக்கிறது. அந்தக் காலத்தில் விளக்கு வைத்த இடம். அகலம் ஒன்றேகால் அடி, உயரம் இரண்டடிக்குச் சற்றுக் குறைவு. அதில் ஒரு சிலை வைக்கலாம் என்று பேச்சு எழுந்த நாளில் வீடு மூன்றாகப் பிரிந்தது. மனைவிக்கு நூறு வருடப் பழமை வேண்டும். மகனுக்கு நேற்றுச் செய்தது வேண்டும். அத்தைக்குத் துலக்கினால் பளபளக்க வேண்டும், அவ்வளவுதான். யாரும் கேட்காமலேயே நான்காவதாக ஓட்டுப் போட வந்தது காசிமேட்டுப் பக்கமிருந்து வீசும் உப்புக் காற்று. ஜன்னல் கம்பியைத் தின்றுவிடும் காற்று சிலையை மட்டும் விட்டுவிடுமா?

முதலில் பெயர்க் குழப்பம். கடைக்காரர்களுக்கு எல்லாமே 'ஆன்டிக்'தான். மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்து போனது. அந்தச் சொல் மட்டும் எரியவில்லை. சட்டத்துக்கு அந்தக் குழப்பம் இல்லை. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த சிற்பம் தொல்பொருள். விற்பவரிடம் உரிமம் இருக்க வேண்டும். கல், உலோகம், சுடுமண், மரச் சிற்பங்களை வைத்திருப்பவர் பதிவு அலுவலரிடம் பதிந்து சான்றிதழ் வாங்க வேண்டும். தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகவே முடியாது. நூறுக்கு உள்ளே இருப்பது தாத்தா காலத்துச் சாமான். அதுவும் ஒரு நாள் அலமாரியில் இருந்தபடியே நூறைத் தாண்டிவிடும் என்பது வேறு கதை.

தொல்பொருள் தேடி ஜார்ஜ் டவுனில் ஒரு மாடிக் கடைக்குப் போனோம். செய்தித்தாளில் சுற்றிய ஓர் அம்மன் சிலையை எடுத்து வைத்தார். ஒரு சாண் உயரம், உடம்பெல்லாம் பச்சைக் களிம்பு. "சோழர் காலம் சார்" என்றார், குரலைத் தாழ்த்தி. நான் கைக்குட்டையை நனைத்து முதுகில் ஓர் இழுப்பு இழுத்தேன். துணி பச்சையானது, அடியில் மஞ்சள் பித்தளை சிரித்தது. அமிலம் பூசி வரவழைத்த பச்சை இப்படித்தான் மேலே பவுடராக உட்கார்ந்திருக்கும், மூக்கு, மார்பு, மடிப்பு என்று எங்கும் ஒரே அளவில். உண்மையில் வழிபாட்டில் இருந்த செப்புத் திருமேனி பல தலைமுறை அபிஷேகத்தில் முகமும் மார்பும் வழுவழுவென்று தேய்ந்து, மடிப்புகளில் மட்டும் கறுப்பேறி இருக்கும். இந்த வித்தியாசம் கண்ணுக்குப் பழக வேண்டுமென்றால் எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்தில் இரண்டு மணி நேரம் நில்லுங்கள். பில் கேட்டேன். "இதற்கெல்லாம் யாராவது பில் போடுவார்களா?" என்றார். இறங்கி வந்துவிட்டோம்.

மனைவிக்கு வருத்தம்தான். ஆனால் அது நிஜமாகவே சோழர் காலமாக இருந்திருந்தால் இன்னும் மோசம். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராஜரை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008-இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. 2014-இல் திருப்பிக் கொடுத்தது. நிபுணர்களை வேலைக்கு வைத்திருக்கும் இடமே போலிக் காகிதத்தில் ஏமாந்தது என்றால், கல்மண்டபத்தில் குடியிருக்கும் நான் எம்மாத்திரம்? பதிவுச் சான்றிதழும் முந்தைய உரிமையாளர் விவரமும் கைக்கு வராமல் தொல்பொருளைத் தொடக் கூடாது என்பது என் கட்சி. ஒரு கோயிலின் சாமி நம் கூடத்தில் அழகுப் பொருளாக நிற்பதும் எனக்கு உறுத்துகிறது. தந்தச் சிற்பம் என்று யாராவது காட்டினால் விலைகூடக் கேட்க வேண்டாம்.

தாத்தா காலத்துச் சாமானில் இந்தப் பயம் குறைவு, சுவையும் அதிகம். வண்ணாரப்பேட்டையில் ஒரு காயலான் கடையில், உடைந்த குத்துவிளக்குகளுக்கும் குழாய்களுக்கும் நடுவே ஒரு பாவை விளக்கு கிடைத்தது. கையில் அகல் ஏந்திய பெண், முக்கால் அடி உயரம். கடைக்காரர் அதை எடை போட்டுத்தான் விற்றார். சிற்பம் என்று அவர் கணக்கிலேயே இல்லை. அறுபது எழுபது வருடம் இருக்கலாம். எண்ணெய் வழிந்து வழிந்து வலக்கை மட்டும் கருத்திருந்தது. புடவைக் கொசுவத்தின் ஒவ்வொரு மடிப்பிலும் பழுப்பு நிறம் இறங்கி, கோடுகள் எடுப்பாகத் தெரிந்தன. இரண்டு நாள் மாடத்தில் நின்றாள்.

மூன்றாம் நாள் நான் வேலைக்குப் போயிருந்தபோது அத்தை அவளைப் புளி போட்டுத் துலக்கிவிட்டார். மாலையில் வந்து பார்த்தால் கடையில் அன்றைக்கு வாங்கியது போல மின்னினாள். பழுப்பெல்லாம் சாக்கடையோடு போய்விட்டது. புளியின் அமிலம் அழுக்கை மட்டும் எடுப்பதில்லை. உலோகத்தின் மேல் ஆண்டுக்கணக்கில் படிந்த காப்புத் தோலையும் உரித்துவிடுகிறது. தோல் போன பித்தளைக்கு எங்கள் காற்று மூன்று வாரம் போதுமானதாக இருந்தது: கைரேகைகள் கறுத்தன, கழுத்தடியில் பச்சைப் புள்ளிகள் வந்தன. இவ்வளவுக்கும் மெரினாவில் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை 1959-இலிருந்து கடலுக்கு எதிரே நிற்கிறது. வெண்கலம் உப்பைத் தாங்கும். அதைப் புளி போட்டுத் துலக்க அங்கே அத்தை இல்லை.

பழைய மரச் சிற்பங்களையும் பார்த்தேன். தேரிலிருந்து கழற்றிய யாளிகள் என்று சொல்லி விற்கிறார்கள். எந்த ஊர்த் தேர் என்ற கேள்விக்குப் பதில் வராததால் அங்கே நிற்கவில்லை. பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் சிறு ஓட்டைகளும் மாவு போல் தூளும் இருந்தன. உளுத்த மரத்தைக் கொண்டுவந்தால் வீட்டுக் கதவும் சேர்ந்து போகும்.

இனி மகன் கட்சி. பழையதில் நாம் கிடைப்பதை எடுக்கிறோம்; புதியதில் கேட்டதைச் செய்துதருகிறார்கள். இந்த ஒன்றே எனக்குப் பெரிய வேறுபாடாகப் பட்டது. சுவாமிமலையில் இன்றும் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி உலோகம் வார்க்கிறார்கள். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும் என்பதால் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. உள்ளே பொள்ளல் இல்லாத கனவார்ப்பு. கையில் தூக்கினாலே தெரியும். காசும் மனமும் இருந்தால் அதுவே நல்ல தேர்வு, பில்லோடு.

மகன் விரும்பியது அதுவல்ல. ஈஞ்சம்பாக்கத்தில் 1966-இல் தொடங்கிய சோழமண்டலம் கலைக் கிராமத்தில் சிற்பி நந்தகோபாலின் செம்புத் தகடுச் சிற்பங்களைப் பார்த்து வந்ததிலிருந்து அவனுக்கு வெல்டிங் பைத்தியம். பட்டறையில் மிஞ்சிய இரும்புத் துண்டுகளை ஒட்டி ஒரு கொக்கு செய்து வைத்தான். அழகாகத்தான் இருந்தது; ஐப்பசி மழை முடிவதற்குள் சுவரில் துருக் கோடு இறக்கியது. கடலோரத்துக்கு இரும்பு ஆகாது. துருப்பிடிக்காத எஃகு (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்றாலும் 304-ஐவிட 316 ரகம்தான் உப்புக்குத் தாங்கும்.

மாமல்லபுரத்துக் கருங்கல்? ஒரு கன அடி சுமார் 75 கிலோ. மரக் கட்டையும் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட எங்கள் பழைய தளத்துக்கு அந்தப் பரீட்சை வேண்டாம். தரையில் வாசலோரம் வைக்க இடமுள்ளவர்கள் தாராளமாக வாங்கலாம். இணையத்தில் விற்கும் ரெசின் பொம்மைகளை உப்பு ஒன்றும் செய்யாது, குழந்தை தள்ளினாலும் கால் நசுங்காது. அதற்கு மேல் அவற்றைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

கடைசியில் கொசப்பேட்டைக்குப் போனோம். வேளார் ஒருவரிடம் கூடை சுமந்த மீன்காரப் பெண் ஒன்று சுடுமண்ணில் வேண்டும் என்றேன். உருவத்தைப் பற்றிக் கேட்கும் முன்பே மாடத்தின் அளவைக் கேட்டார். மண் காய்ந்து சூளையில் வெந்து வரும்போது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சுருங்கும்; அதற்கேற்பப் பெரிதாகப் பிடிக்க வேண்டும் என்றார். சுவரின் ஈரம் ஏறினால் உப்புப் பூக்கும், அடியில் ஒரு பலகை போட்டுவிடுங்கள் என்றும் சொன்னார். பலகையின் தடிமனை நான் கணக்கில் விட்டுவிட்டேன்; கூடையின் விளிம்புக்கும் மாடத்தின் மேல் வளைவுக்கும் நடுவே இப்போது ஒரு விரல்தான் நுழையும்.

பாவை விளக்கு அலமாரி மேலே மறுபடி மெல்லக் கருத்துக்கொண்டிருக்கிறாள். அத்தை மாடத்தின் முன்னால் நின்று மீன்காரியை இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"எல்லாம் சரி தம்பி, இவளை எதைப் போட்டுத் துலக்குவது?"