ஐ-751 ஃபைல் பேக்கேஜ்: மொழிபெயர்ப்புக்குப் போகலாம், மற்றதுக்கு யோசியுங்கள்

பெங்களூரில் அப்போஸ்டில், அட்டெஸ்டேஷன், நோட்டரி என்று போர்டு மாட்டிய ஆபீஸ்களில் விற்கும் சரக்குகளில் 'ஐ-751 பேக்கேஜ்' என்பதும் ஒன்று. இரண்டு வருஷ கிரீன் கார்டின் நிபந்தனையை நீக்கக் கோரும் அமெரிக்க மனுதான் ஐ-751. கேட்டு வருகிறவர்களில் தம்பதியை விடப் பெற்றோர்தான் அதிகம். அல்சூரிலோ மர்ஃபி டவுனிலோ இருப்பார்கள். மகளோ மருமகளோ அமெரிக்காவில் இரண்டு வருஷ கிரீன் கார்டோடு இருப்பாள். கார்டு முடியப் போகிறது. "அங்கே வக்கீல் ஃபீஸ் ஜாஸ்தி சார், இங்கேயே ஃபைல் ரெடி பண்ணி கூரியர்ல அனுப்பிடலாம்" என்று ஆபீஸ்காரர்கள் சொல்வார்கள். தலையாட்டிவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வருவதுதான் வழக்கம்.

பேக்கேஜில் வழக்கமாக வருவது: கல்யாணச் சான்றிதழின் மொழிபெயர்ப்பு, அதற்கு அப்போஸ்டில் (ஆவணத்தின் கையெழுத்தும் முத்திரையும் உண்மை என்று வெளிநாட்டு உபயோகத்துக்காக அரசு தரும் சான்று), உறவினர் நான்கைந்து பேரின் நோட்டரி அஃபிடவிட், போட்டோ ஆல்பம், ஒரு கவர் லெட்டர், எல்லாம் சேர்த்து ஸ்பைரல் பைண்டிங். எங்கள் மதிப்பெண் 5-க்கு 2. அந்த இரண்டும் மொழிபெயர்ப்புக்கும் ஸ்கேனிங்குக்கும்தான்.

இந்த வேலை ஏன் வருகிறது என்பது சுருக்கமாக. நிரந்தர வசிப்புரிமை கிடைக்கும் நாளில் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருக்கவில்லை என்றால், அமெரிக்கா நிபந்தனையோடு கூடிய இரண்டு வருஷ கார்டுதான் தரும். 1986-இல் வந்த சட்டம். நிபந்தனையை நீக்கக் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து போடும் மனுதான் ஐ-751. மும்பை கான்சுலேட்டில் விசா வாங்கிப் போகிறவர்களுக்கு அமெரிக்காவில் இறங்கும் நாள்தான் கணக்கு. விசா செல்லுபடியாகும் காலத்துக்குள்ளேயே கல்யாணத்தின் இரண்டாம் ஆண்டு நிறைவு வருகிறதென்றால், டிக்கெட்டை அதற்குப் பிறகு போட்டால் நேரே பத்து வருஷ கார்டுக்கான வகையில் உள்ளே போகலாம்; ஐ-751 வேலையே இல்லை. விசா கையில் இருக்கும்போதே இந்த ஆபீஸ்களுக்குப் போகிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. கேட்டால் வியாபாரம் போய்விடும், கேட்பதில்லை.

பேக்கேஜின் அடிப்படைக் கோளாறு என்னவென்றால், பெங்களூரில் எதைத் தயாரிக்க முடியுமோ அதை வைத்து ஃபைலை நிரப்புகிறார்கள். அமெரிக்காவில் மனுவைப் பரிசீலிக்கும் ஆபீசர் பார்ப்பதோ கல்யாண நாளிலிருந்து இன்றுவரை இருவரும் சேர்ந்து வாழ்ந்ததன் தடயத்தை. விதிமுறையே பட்டியல் தருகிறது: இருவர் பெயரிலும் உள்ள சொத்து, இருவர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம், பணம் ஒன்றாகப் புழங்கியதற்கான கணக்குகள், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், தம்பதியை நேரில் அறிந்தவர்களின் வாக்குமூலம். இதில் அப்போஸ்டில் எங்கும் கிடையாது. அமெரிக்கக் குடியேற்றத் துறையான யு.எஸ்.சி.ஐ.எஸ். அதைக் கேட்பதே இல்லை. தெளிவான ஜெராக்ஸ் போதும், ஒரிஜினலைத் தனியாகக் கேட்டால் மட்டும் காட்டலாம். வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் கட்டணம் ஓர் ஆவணத்துக்கு 50 ரூபாய்தான். பில்லில் மீதி எல்லாம் அலைச்சல் கூலி, அதுவும் தேவையில்லாத அலைச்சல்.

அஃபிடவிட் விஷயத்துக்கு வருவோம். பேக்கேஜில் மிக மோசமான பகுதி இதுதான். மாமா, சித்தி, பக்கத்து வீட்டுக்காரர், அப்பாவின் ஆபீஸ் நண்பர் என்று ஐந்து பேர். ஐந்தும் ஒரே டிராஃப்ட். பெயரும் வயதும் மட்டும் மாறியிருக்கும். "இவர்கள் இருவரையும் எனக்கு நன்றாகத் தெரியும், இவர்களது திருமணம் உண்மையானது, இவர்கள் மகிழ்ச்சியாக வாழ்கிறார்கள்." இ-ஸ்டாம்ப் பேப்பர், நோட்டரி முத்திரை, சிவப்பு சீல் எல்லாம் கச்சிதமாக இருக்கும். இந்த ஐந்தையும் வரிசையாகப் படிக்கும் ஆபீசருக்குத் தெரிய வருவது ஒன்றே ஒன்று: இவற்றை எழுதியவர் ஒரே ஆள்.

எழுதுகிறவர் நிபந்தனைக் கார்டு கிடைத்த காலத்திலிருந்து இருவரையும் அறிந்தவராக இருக்க வேண்டும். முழுப் பெயர், முகவரி, பிறந்த தேதி, பிறந்த ஊர், தம்பதிக்கு என்ன உறவு, விஷயம் எப்படித் தெரியும் என்பதெல்லாம் வேண்டும். இரண்டு பேர் போதும். பிரசவத்துக்காக அமெரிக்கா போய் மகள் வீட்டில் தங்கிவிட்டு வந்த அம்மா, கல்யாணத்துக்கு மட்டும் வந்த பத்துப் பேரை விட மேலான சாட்சி. அந்த அம்மா எழுத வேண்டியது இப்படி: "மார்ச்சில் போனேன். இரண்டு பெட்ரூம் வீடு. காலையில் மாப்பிள்ளைதான் குழந்தையை டேகேரில் விடுவார். மகளுக்கு நைட் ஷிஃப்ட். மருத்துவமனையில் டிஸ்சார்ஜ் பேப்பரில் கையெழுத்துப் போட்டது அவர்." தமிழில் எழுதி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து இரண்டையும் வைத்தாலும் சரிதான்.

நோட்டரியும் தேவையில்லை. அமெரிக்கச் சட்டத் தொகுப்பில் 28-ஆம் தலைப்பு, 1746-ஆம் பிரிவுப்படி, வெளிநாட்டில் இருப்பவர் வெள்ளைத்தாளில் எழுதி, "அமெரிக்க ஐக்கிய நாட்டின் சட்டங்களின்படி, பொய்ச்சாட்சித் தண்டனைக்கு உட்பட்டு, மேற்கண்டவை உண்மையும் சரியும் என்று உறுதி கூறுகிறேன்" என்ற பொருளில் சட்டம் தரும் வாசகத்தைச் சேர்த்து, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டால் போதும். இந்தியாவில் இருந்து எழுதும்போது 'அமெரிக்கச் சட்டங்களின்படி' என்ற பகுதியை விடக்கூடாது. அதே சமயம், வாக்குமூலம் மட்டும் ஃபைலைத் தூக்கி நிறுத்தாது. மற்ற ஆதாரத்துக்குத் துணையாகத்தான் அதை எடுத்துக்கொள்வார்கள்.

மொழிபெயர்ப்புக்கு மட்டும் காசு கொடுக்கலாம், ஆனால் பார்த்து வாங்க வேண்டும். விதி கேட்பது: முழு மொழிபெயர்ப்பு, அது முழுமையானது, சரியானது என்றும், அந்த மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கத் தமக்குத் தகுதி உண்டு என்றும் மொழிபெயர்ப்பாளரின் கையெழுத்திட்ட சான்று. 'முழு' என்றால் முழுதான். சான்றிதழின் ஓரத்தில் இருக்கும் வட்ட முத்திரை, சார்பதிவாளர் கையெழுத்து, பின்பக்கக் குறிப்பு எல்லாம் வர வேண்டும். திருப்பத்தூரிலோ கிருஷ்ணகிரியிலோ கல்யாணம் நடந்து அங்கேயே பதிவாகியிருந்தால் சான்றிதழ் தமிழில் இருக்கலாம். கல்யாணப் பத்திரிகையை வைத்தால் அதில் தமிழ் வருஷம், மாதம், தேதி, நட்சத்திரம், லக்னம் வரை இருக்கும். ஆங்கிலத் தேதியை மட்டும் எடுத்துக்கொண்டு மேல் வரியை விட்டுவிடுகிறார்கள். அது அரைகுறை மொழிபெயர்ப்பு.

அதை விடப் பெரிய தொல்லை இனிஷியல். சான்றிதழில் 'எஸ். கார்த்திக்', பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து பின்னால் போயிருக்கும், பேங்கில் இனிஷியல் கடைசியில், எல்.ஐ.சி.யில் இனிஷியலே இல்லை. பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.' (முதல் பெயர் தெரியாது) என்று வரும். மொழிபெயர்ப்பாளர் உதவி செய்வதாக நினைத்து இனிஷியலை விரித்து எழுதிவிடுவார். அது கூடாது, மூலத்தில் உள்ளபடிதான் எழுத வேண்டும். எந்தெந்த ஆவணத்தில் எந்த வடிவம் என்று ஒரு பக்க விளக்கத்தை மனுதாரர் தனியாக எழுதிக் கையெழுத்திட்டு மேலே வைப்பதுதான் வழி. டிராஃப்ட் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது பெயர், அடுத்தது தேதி.

இங்கே இருவர் பெயரிலும் ஃபிளாட் வாங்கியிருந்தால், கன்னடக் கிரயப் பத்திரம் முழுவதையும் மொழிபெயர்க்கச் சொல்லிப் பக்கக் கணக்கில் பில் போடுவார்கள். கர்நாடகப் பத்திரப்பதிவுத் துறையின் காவேரி போர்ட்டலில் எடுக்கும் வில்லங்கச் சான்றிதழில் வாங்கியவர்கள் பெயரும் தேதியும் இருக்கும், ஓரிரு பக்கம்தான். அதை மொழிபெயர்த்து வைத்தால் செலவு குறையும்.

எல்.ஐ.சி. பாலிசியில், பேங்க் கணக்கில் மனைவி 'நாமினி' என்பதை 'ஜாயின்ட்' என்று ஆதாரப் பட்டியலில் எழுதுகிறார்கள். நாமினி கூட்டு உரிமையாளர் இல்லை. நாமினி என்றே எழுதி வையுங்கள், அதற்கும் ஓரளவு மதிப்பு உண்டு. உண்மையான ஜாயின்ட் கணக்கு என்றால் 'ஈதர் ஆர் சர்வைவர்' பக்கத்தோடு, சம்பளம் வருவதும் வாடகை, கரன்ட், மளிகை போவதும் தெரியும் ஸ்டேட்மென்ட் வேண்டும். வெறும் இருப்புத் தொகைக் கடிதம் எதையும் சொல்லாது. இந்திய ஐ.டி. ரிட்டர்னைச் சேர்ப்பதில் அர்த்தமே இல்லை, இங்கே கணவன் மனைவி சேர்ந்து ரிட்டர்ன் போடும் வழியே கிடையாது. கனம் கூடும், பலம் கூடாது. அமெரிக்காவில் 'மேரிட் ஃபைலிங் ஜாயின்ட்லி' (கணவன் மனைவி சேர்ந்து) என்று போட்ட ரிட்டர்னுக்கு அங்குள்ள வரித் துறையான ஐ.ஆர்.எஸ். தரும் டிரான்ஸ்கிரிப்ட் (ரிட்டர்ன் விவரத் தாள்) இலவசம், வருஷத்துக்கு ஒன்று எடுத்து வைப்பது இந்தப் பேக்கேஜ் முழுவதையும் விட எடை கூடியது. கல்யாணமான பிறகும் யாராவது 'சிங்கிள்' என்று போட்டிருந்தால், மனு போடும் முன் வரி ஆலோசகரிடம் போய்ச் சரிசெய்ய வேண்டும்.

பெங்களூர் ஆதாரம் கூடக் கூட இன்னொரு வம்பும் வரும். ஒயிட்ஃபீல்டில் இருவரும் ஒன்றரை வருஷம் சேர்ந்து இருந்ததற்கு வாடகை ஒப்பந்தம், கேஸ் பில், அபார்ட்மென்ட் மெயின்டனன்ஸ் ரசீது என்று அடுக்கினால், கல்யாணம் உண்மை என்பதோடு அமெரிக்காவில் வசிக்கவில்லை என்பதும் சேர்ந்தே நிரூபணமாகும். வசிப்புரிமையைக் கைவிட்டதாகக் கேள்வி வரும். இங்கே தங்கியதற்குக் காரணம் இருந்தால், அப்பாவின் ஆபரேஷன், கம்பெனி அனுப்பிய வேலை என்று அதற்கான தாளையும் சேர்த்தே வைக்க வேண்டும்.

பழைய வாடகை ஒப்பந்தத்தில் மனைவி பெயரைப் 'பின்தேதியிட்டு' சேர்த்துத் தருகிறோம் என்று எந்த ஆபீஸிலாவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். இ-ஸ்டாம்பில் வாங்கிய தேதி அச்சாகியிருக்கும். பொய் ஆவணம் ஒன்று பிடிபட்டால், உண்மையான கல்யாணமும் சந்தேகத்துக்குள் போய்விடும். போலிக் கல்யாணம் என்று முடிவானால் பிறகு குடியேற்ற மனு எதுவும் தேறாது. குற்றமாக வழக்குப் போட்டால் 5 வருஷம் வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம்.

பைண்டிங், ஆல்பம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மனு வந்தவுடன் யு.எஸ்.சி.ஐ.எஸ்.-இல் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்கிறார்கள். ஸ்டேபிள், ஓட்டை, ஆல்பம், பென் டிரைவ் எதுவும் வேண்டாம் என்று அவர்களே சொல்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த தனித்தாள், அதுவும் அமெரிக்க லெட்டர் சைஸ். நம் ஏ4 அதை விட 18 மில்லிமீட்டர் உயரம், கீழ்வரி வெட்டுப்பட வாய்ப்புண்டு. பி.டி.எஃப். ஆக அனுப்பி அங்கே அச்சடிப்பதே நல்லது. முகூர்த்தப் போட்டோ இரண்டு போதும். வளைகாப்பு, பிறந்தநாள், நண்பர் வீட்டு பொங்கல், பயணம் என்று இரண்டு வருஷத்துக்கும் பரவலாகப் பதினைந்து இருபது, ஒவ்வொன்றின் கீழும் தேதி, இடம், யார் யார்.

தேதிக் கணக்கில்தான் நிறையப் பேர் அடிவாங்குகிறார்கள். கார்டு முடியும் நாளுக்கு முந்தைய 90 நாளுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். இங்கே 'மூன்று மாசம்' என்று எண்ணிவிடுகிறார்கள். கார்டு ஆகஸ்ட் 20-இல் முடிகிறதென்றால் மூன்று மாதக் கணக்கு மே 20. 90 நாள் கணக்கு மே 22. மே 20-இல் சேர்ந்தால் திரும்பி வரும். பழைய பதிப்பு ஃபாரம் வைத்தாலும் திரும்பும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பதிப்புத் தேதி இருக்கும், எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். கட்டணம் 750 டாலர், 2024 ஏப்ரல் 1 முதல் கைரேகைக்கும் சேர்த்து இதுதான்.

கையெழுத்துக்காக ஃபாரத்தைக் கூரியரில் வரவழைக்க வேண்டியதில்லை. மனைவி பெங்களூரில் இருந்தால் பேனாவால் கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்பினால் அதன் பிரதி செல்லும். டைப் அடித்த பெயர் செல்லாது. ஃபாரத்தைப் பூர்த்தி செய்தது இங்குள்ள ஏஜென்ட் என்றால், 'ப்ரிபேரர்' (ஃபாரத்தைத் தயாரித்தவர்) பகுதியில் அவர் பெயரும் கையெழுத்தும் இருக்க வேண்டும். கேட்டுப் பாருங்கள், பாதிப்பேர் போட மாட்டார்கள்.

ரசீது வந்ததும், காலாவதியான கார்டோடு அந்த ரசீதும் சேர்ந்து 48 மாதத்துக்குச் செல்லும். கெம்பேகவுடா ஏர்போர்ட்டில் போர்டிங் போட ஒரிஜினல் ரசீது கையில் இருக்கட்டும். கூடுதல் ஆதாரம் கேட்டு நோட்டீஸ் வந்தால் பதில் ஒரே தடவைதான். பாதி இப்போது, பாதி பிறகு என்று அனுப்பினால் முதல் பாதியை வைத்தே முடிவெடுத்துவிடுவார்கள். பேக்கேஜ் இந்தக் கட்டத்தில் உங்களோடு இருக்காது. விவாகரத்து நடந்துகொண்டிருந்தாலோ, வீட்டில் அடி உதை இருந்தாலோ, கணவர் கையெழுத்துப் போட மறுத்தாலோ, தனியாக மனுப்போட வேறு பிரிவுகளில் இடமுண்டா என்று பார்க்க வேண்டும். அதற்கு அமெரிக்க உரிமம் பெற்ற வக்கீல் வேண்டும், இந்த ஆபீஸ்கள் பக்கமே போகக்கூடாது.

வாங்குவதென்றால் மொழிபெயர்ப்பும் ஸ்கேனிங்கும் மட்டும் என்று தனி ஜி.எஸ்.டி. பில் கேளுங்கள். கையெழுத்துக்கு முன் டிராஃப்டை வேர்டு ஃபைலாக வாங்கிப் பெயர்களைச் சரிபார்த்த பிறகே மீதிப் பணம். டிரான்ஸ்கிரிப்ட், அமெரிக்க பேங்க் ஸ்டேட்மென்ட், வாடகை லீஸ் எதையும் இவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்; அவை ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன, அவற்றில் இவர்களுக்கு ஒரு வேலையும் இல்லை.