தண்ணீர் குடிக்கும் லாரி: குமிழியா, பம்பா, நீல மருந்தா?

போன ஆடி முழுக்க என் லாரி ஒரே ஆட்டம் காட்டியது. ஆரல்வாய்மொழிக் கணவாயிலுள்ள முப்பந்தலை லோடுடன் தாண்டும்போது சூட்டு முள் சிவப்பைத் தொடும். திரும்பி வரும்போது முள் நடுவிலேயே நிற்கும். 1998 மாடல், ஆறு சக்கரம், ஏர் பிரேக். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு ஒரு நடை போய் வந்தால் ரேடியேட்டரில் இரண்டு லிட்டர் குறைந்திருக்கும். வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது.

லோடுதான் காரணம் என்றார் டிரைவர். பாதி சரி, மீதி காற்று. ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் மேற்கிலிருந்து நெருக்கிக்கொண்டு வரும் காற்று, கிழக்கே போகிற வண்டியை முதுகில் தள்ளுகிறது. டீசலுக்கு அது லாபம்; ரேடியேட்டரின் முகத்தில் மோத வேண்டிய காற்றோ குறைந்துபோகிறது. திரும்பும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரில் மோதுகிறது, கூடவே காலி வண்டி. இதெல்லாம் சூட்டுக்குக் கணக்குச் சொல்லும். காணாமல் போன இரண்டு லிட்டருக்குச் சொல்லாது.

தண்ணீர் போன வழியைக் கண்டுபிடிக்க மூன்று முறைகள் என் முன்னால் வந்தன. மூன்றையும் செய்து பார்த்துவிட்டேன்.

முதலாவது பட்டறைகளின் பழைய வழி. ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து, ஸ்டார்ட் செய்து ஆக்சிலரேட்டரை ஏற்றுவார்கள். தண்ணீரில் குமிழி கொப்புளித்தால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கசிவை அடைக்கும் தகடு) போயிற்று என்பது தீர்ப்பு. செலவே இல்லை, ஐந்து நிமிட வேலை. என் வண்டியிலும் குமிழி வந்தது, தீர்ப்பும் வந்தது. ஹெட்டைக் கழற்றினால் அது லேத்துக்குப் போக வேண்டும், கேஸ்கெட் செட் வாங்க வேண்டும், வண்டி நாலைந்து நாள் நிற்க வேண்டும். கை அனுபவத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளையில் காய்ந்த கறையைப் பார்த்தே பம்ப் சீல் போய்விட்டதைச் சொல்லும் மேஸ்திரிகள் நம் ஊரில் உண்டு. ஆனால் குமிழி என்பது உள்ளே ஏதோ வாயு புகுகிறது என்று மட்டுமே சொல்கிறது. அது எந்த வாயு என்று சொல்வதில்லை.

இரண்டாவது, கையால் அடிக்கும் பிரஷர் பம்ப். மூடி இருக்கும் இடத்தில் அதை மாட்டி, மூடியில் அச்சிட்டிருக்கும் அழுத்தம் வரை ஏற்றிவிட்டுக் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். இன்ஜின் ஆறியிருப்பது அவசியம். ஹோஸ், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் என எங்கே வெளிக்கசிவு இருந்தாலும் ஈரம் காட்டிக் கொடுத்துவிடும். பொருத்தும் வளையம் இருந்தால் மூடியையும் இதிலேயே சோதிக்கலாம். மூடியை யாரும் மதிப்பதில்லை, ஆனால் 0.9 பார் அழுத்தம் தாங்கும் மூடி, வெறும் தண்ணீரின் கொதிநிலையையே 100 டிகிரியிலிருந்து ஏறத்தாழ 118க்கு உயர்த்துகிறது. ஸ்பிரிங் தளர்ந்தால் அந்த 18 டிகிரியும் போச்சு.

என் வண்டியில் முள் மெல்ல இறங்கியது. வெளியே ஈரமில்லை, டிப் ஸ்டிக்கில் ஆயிலும் சுத்தம். ஆக, கசிவு உள்ளே. அதற்கு மேல் பம்பிடம் பதில் இல்லை. முள் அசையாமல் நின்றிருந்தாலும் கேஸ்கெட்டுக்கு நற்சான்று கொடுத்துவிட முடியாது: சிலிண்டருக்குள் எழும் அழுத்தம் மூடியின் அழுத்தத்தைப் போலப் பல மடங்கு, அது திறக்கிற வழியை இந்தச் சிறிய அழுத்தம் திறக்காமலே விடலாம்.

மூன்றாவது நீல மருந்து. புரோமோதைமால் ப்ளூ கரைசலைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, ரேடியேட்டர் வாயில் வைத்து, மேலே தேங்கும் காற்றை அதன் வழியே உறிஞ்ச வேண்டும். சிலிண்டர் புகையிலுள்ள கரியமில வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். ரேடியேட்டரில் கூலன்ட் (தண்ணீரோடு கலந்து ஊற்றும் நிறமேற்றிய குளிர்விப்புத் திரவம்) மட்டத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டுச் செய்யுங்கள். குழாய்க்குள் ஏறிவிட்டால் மருந்து வீண். பெட்ரோல் வண்டிக்கு இதைப் பெரும்பாலும் நம்பலாம். டீசலில் நிதானம் வேண்டும். ஐடிலிங்கில் (வண்டி நின்றபடி இன்ஜின் மெல்ல ஓடும்போது) டீசல் புகையில் கரியமில வாயு குறைவு, நிறம் மாறாமலே இருக்கலாம், அல்லது பச்சையோடு நின்றுவிடலாம். அதனால் ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டு வந்து அரை மணி நேரம் சோதித்தோம். அப்போதும் நீலம் நீலமாகவே இருந்தது.

குமிழி இருக்கிறது, புகை இல்லை. அப்படியானால் வெறும் காற்று. லாரியில் தண்ணீர்ப் பக்கம் காற்றைத் தள்ளக்கூடிய இன்னொரு ஆசாமி, பிரேக்குக்கான காற்றை அழுத்தி ஏர் டேங்கில் ஏற்றும் ஏர் பிரேக் கம்ப்ரசர். அதன் ஹெட்டைத் தண்ணீர்தான் குளிர்விக்கிறது. அங்குள்ள சின்ன கேஸ்கெட் போனால், காற்று ஏற்றும்போது குமிழி தண்ணீருக்குள் வரும், ஏற்றாதபோது தண்ணீர் கம்ப்ரசருக்குள் போகும். கம்ப்ரசருக்குப் போகும் இரண்டு தண்ணீர்க் குழாய்களையும் கழற்றி ஒன்றோடொன்று இணைத்துச் சில நிமிடம் மட்டும் ஐடிலிங்கில் விட்டோம். குமிழி நின்றது. ஏர் டேங்க் வடிகாலைத் திறந்தால் பச்சைத் தண்ணீர், ரேடியேட்டரில் நான் ஊற்றியிருந்த கூலன்ட்டின் நிறம்.

அந்தப் பச்சைக்காகவே கூலன்ட் ஊற்றலாம் என்பேன். நம் கடலோரக் காற்றில் ஏர் டேங்கில் ஈரம் சேர்வது சாதாரணம். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றியிருந்தால் வித்தியாசமே தெரிந்திருக்காது. குளச்சல், முட்டம் பக்கம் மீன் லோடுக்குப் போகிறவர்கள் கரையோரக் கிணற்று உப்புநீரை ஊற்றாமல் இருப்பது இன்னும் நல்லது. ரேடியேட்டர் குழாய்களில் படியும் உப்புக் கட்டியை எந்தச் சோதனையும் நேரடியாகக் காட்டாது. மார்த்தாண்டம் நெரிசலில் ஊரும்போது மட்டும் சூடானால் ஃபேன், பெல்ட் பக்கம் பாருங்கள். வேகத்திலும் ஏற்றத்திலும் சூடானால் அடைப்பைச் சந்தேகியுங்கள்.

மூன்றில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பம்பை வாங்குவேன். மருந்து கெட்டுப்போகும், பம்ப் கெடாது. ஆனால் ஹெட்டைக் கழற்றச் சொல்லும் நாளில், மருந்தும் அந்தக் கம்ப்ரசர் குழாய்ச் சோதனையும் முடியாமல் ஸ்பேனரைத் தொட விடமாட்டேன். கம்ப்ரசர் கேஸ்கெட் மாற்ற அரை நாள் ஆனது. இந்த ஆடியிலும் முப்பந்தலில் முள் கொஞ்சம் ஏறத்தான் செய்கிறது. தண்ணீர் மட்டம் இறங்கவில்லை.